மொமோதாரோவின் தீவில் நாம்

ஜப்பானின் முதல் முழுநீள அனிமே படத்தில் நாம் இருக்கிறோம். நாம் என்றால் தென்கிழக்காசியாக்காரர்கள். யானையாக, சிறுத்தையாக, காண்டாமிருகமாக, நீள்மூக்குக் குரங்காக இருக்கிறோம்.

'மொமோதாரோ: கடலின் புனித வீரர்கள்' என்பது படத்தின் பெயர். இயக்கியவர் மித்சுயோ செவோ. கடற்படை அமைச்சு கேட்டுக்கொண்டதால் ஷொச்சிக்கு நிறுவனம் தயாரித்து, 12 ஏப்ரல் 1945 அன்று வெளியிட்டது. 74 நிமிடம் ஓடும். மொமோதாரோ நம்ம விக்கிரமாதித்தன் மாதிரி ஜப்பானியப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை நாயகன். பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்தவன். நாய், குரங்கு, பறவையைக் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போய் ஜெயித்து வருகிறவன். படத்தில் அவன் கடற்படைத் தளபதி. தென்கடல் தீவு ஒன்றில் வந்திறங்குகிறான். தீவின் விலங்குகள் பாட்டுப் பாடிக்கொண்டே அவனுக்கு விமான தளம் கட்டிக் கொடுக்கின்றன. பிறகு வான்குடை வீரர்கள் குதித்து அரக்கர்களைப் பிடிக்கிறார்கள். கொம்பு முளைத்த அந்த அரக்கர்கள் பேசுவது ஆங்கிலம். மேசைக்கு அந்தப் பக்கம் நடுங்கி உட்கார்ந்து சரணடைகிறார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜெனரல் பெர்சிவல் யமாஷித்தாவின் முன்னால் உட்கார்ந்திருந்த கோலம்தான் அது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, படம் அழகு. காற்றில் மிதக்கும் விதைகளையும் வான்குடைகளையும் இணைக்கும் ஒரு காட்சி இருக்கிறது. இன்றைக்கும் அதை அப்படி வரைய ஆள் தேடவேண்டும். அந்த அழகுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. நடுவில் ஒரு வகுப்பறைக் காட்சி. தீவு விலங்குகளுக்கு ஜப்பானிய உயிரெழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள். யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. ஒரே கூச்சல். யாரோ ஹார்மோனிக்கா வாசிக்க, "ஆ, இ, உ, எ, ஒ" பாட்டாகிவிடுகிறது. எல்லாம் சேர்ந்து பாடுகின்றன. குஷியோ குஷி.

இந்தக் காட்சியைக் கைப்பேசியில் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். யானை பாடியதும், "இது எங்களுக்கும் சொல்லிக் குடுத்தான்டா" என்றார். "காலையில வெயில்ல வரிசையா நிக்க வெச்சி, இச்சி, நீ, சான், சின்னு கையத் தூக்கச் சொல்வான்." எண்பது வயதைத் தாண்டிய கை தானாக மேலே போனது. படத்தில் காட்டியது பொய்யில்லை என்று அப்போது புரிந்தது. பாடியது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்பதைப் படம் காட்டவில்லை.

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை அந்த மாதக் கடைசிக்குள் ஈப்போவைப் பிடித்துவிட்டது. கம்பாரில் மட்டும் நான்கு நாள் தடுத்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு துரைமார்கள் இல்லை. பால் வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றால் சம்பளமும் நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போனது. மரவள்ளிக்கிழங்கும், வாழைமரம் அச்சடித்த காசும்தான் மிச்சம். அந்த நேரத்தில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. பான்போங்கிலிருந்து தன்பியுசாயத் வரை 415 கிலோமீட்டர். தினச் சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். பலரைப் பிடித்துப் போனார்கள். இலவசப் படம் என்று அறிவித்து, கூட்டம் உள்ளே போனதும் கொட்டகைக் கதவை அடைத்து, ஆண்களை அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோன கதையும் உண்டு. ஜப்பான்காரன் காட்டிய படத்தைப் பார்க்கப் போய்த் திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜப்பான்காரன் படத்தை விடிய விடியப் பார்க்கிறோம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

பாதை 17 அக்டோபர் 1943 அன்று இரு பக்கமும் சேர்ந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பர்மியர்களும் மலாயாத் தோட்டத் தமிழர்களும் அதில் பெரும்பகுதி. போர்க்கைதிகளுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், கணக்கு எழுதினார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களைக் காலரா கும்பலாகக் கொண்டுபோனது. பாட்டியின் அப்பாவும் அங்கேதான் எங்கேயோ. "மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனாரு" என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்திடம் தகவல் கிடையாது.

இவ்வளவு பேரை இவ்வளவு வேகமாக எப்படித் திரட்ட முடிந்தது? என் தொழில்புத்தி இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கும். பதில் தோட்டத்திலேயே இருந்தது. லயத்தில் எத்தனை பேர், எத்தனை ஆண், யாருக்கு எந்த நிரை என்று எல்லாம் கிராணியின் பேரேட்டில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயருக்குப் பதில் சொல்லி இரண்டு தலைமுறை பழகியிருந்தது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டால் போதும். மொமோதாரோ படத்தில் வெள்ளைக்காரர்கள் ஏமாற்றி நிலத்தைப் பிடித்த கதையை நிழலுருவமாகக் காட்டும் ஒரு பகுதி வரும். அதில் உண்மை இருக்கிறது. அந்த வெள்ளைக்காரன் எழுதிவைத்த பேரேட்டைத்தான் மொமோதாரோவும் புரட்டினான்.

படம் வெளியானபோது ஜப்பானிய நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டிருந்ததால் பார்க்க ஆளில்லை. ஒசாக்காவில் கிட்டத்தட்டக் காலியான அரங்கில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். கண் கலங்கி, நானும் ஒருநாள் இப்படிப் படம் எடுப்பேன் என்று முடிவு செய்தான். அவன்தான் ஒசாமு தெசுகா. 'ஆஸ்ட்ரோ பாய்' (1963) எடுத்து இந்தத் தொழிலையே உண்டாக்கியவர். அவருடைய 'ஜங்கிள் எம்பரர்' தொடரிலும் விலங்குகள் உயிரெழுத்துப் பாடும். ஆக, நருத்தோவுக்கும் லூஃபிக்கும் குடும்ப மரம் போட்டால் வேருக்குப் பக்கத்தில் அந்தத் தீவு இருக்கிறது. நாமும் அங்கே நின்று பாடிக்கொண்டிருக்கிறோம்.

போருக்குப் பிறகு வந்த அனிமேவில் நம்மைக் காணோம். போர் மட்டும் இருக்கிறது, நிறையவே. 1974இல் 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாத்தோ' வந்தது. 1945இல் மூழ்கிய அதே போர்க்கப்பல் எழுந்து விண்வெளிக்குப் போய் மனித குலத்தைக் காப்பாற்றும். இசைக்காகப் பார்க்கலாம்.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' (1988) வேறு விஷயம். இசாவோ தக்காஹத்தா சிறுவயதில் ஒக்காயாமா குண்டுவீச்சில் தப்பியவர். தகர டப்பாவில் மிட்டாய் தீர்ந்துபோய் அந்தத் தங்கச்சி தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் இடத்தில் அழாதவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் அழுதேன். பசார் மாலாமில் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கிய விசிடி, ஆங்கில எழுத்து பாதி புரியாது, அப்படியும் அழுதேன். யூனியில் மறுபடி பார்த்தபோது ஓர் இடத்தில் கண் நின்றது. அண்ணன் சேய்த்தா கடற்படை அதிகாரியின் மகன். கப்பல் அணிவகுப்பை அப்பாவோடு பார்த்த நினைவு அவனுக்கு ஒளிமயமாக வரும். அந்தக் கப்பல்கள் எந்தக் கரைகளுக்குப் போயின என்று படம் கேட்காது. கேட்டாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், பதினான்கு வயதுப் பையனின் கண் வழியாகச் சொல்லும் கதை அது. ஆனால் ஒரு நாட்டின் போர்ப்படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே வீட்டுக்குள்ளிருந்து வானத்தை அண்ணாந்து பார்த்தால், குண்டு எங்கிருந்தோ மழை மாதிரி விழுகிறது என்றுதான் பார்க்கிறவனுக்குப் பதியும்.

விலக்கு இல்லாமல் இல்லை. கெய்ஜி நக்காஸாவா ஹிரோஷிமாவில் தப்பியவர். அவருடைய 'பேர்ஃபுட் கென்' மங்காவில் கொரியப் பக்கத்து வீட்டுக்காரர் பாக் வருகிறார். பேரரசர் மேலும் ராணுவத்தின் மேலும் நக்காஸாவா கொட்டும் கோபத்துக்கு அளவே இல்லை. 1983 அனிமே நல்ல படம், ஆனால் மங்காவின் கோபம் முழுக்க அதில் இறங்கவில்லை.

என் கணக்கில் நமக்கு மிக அருகில் வந்தது 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' (2016). சுனாவோ கத்தாபுச்சி இயக்கம், ஃபுமியோ கோனோவின் மங்கா. குரே என்ற கடற்படைத் துறைமுகத்தில் வாழ்க்கைப்பட்ட சுஸு என்ற பெண், பங்கீட்டு அரிசியை ஊதவைத்து, புல் பூண்டு பறித்துக் குடும்பத்துக்குப் பொங்கிப் போடுகிறாள். பாட்டி இந்தப் படத்தை முழுக்கப் பார்த்தார். "கிழங்கு மாவுல ரொட்டி சுட்டது மாதிரிதான்" என்றார். சரணடையும் நாளில், இத்தனை இழப்புக்கும் பிறகு தோற்றோமா என்று சுஸு கதறி அழும்போது, தூரத்தில் ஒரு வீட்டுக்கூரைமேல் கொரியக் கொடி ஏறும். ஒரு நொடிதான். மங்காவில் அவள், இதுவரை வன்முறையால் மற்றவரை அடக்கி வைத்திருந்தோமா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். படத்தில் அது மாறிவிட்டது: கடல் தாண்டி வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆன உடம்பு நான் என்கிறாள். மழுப்பிவிட்டார்கள் என்று திட்டுகிற ரசிகர்கள் உண்டு. எனக்குப் படத்தின் வரிதான் பிடிக்கிறது. அடுப்படியிலேயே கிடந்தவளுக்குப் பேரரசு என்பது சோற்றுப் பானைக்குள்தான் தெரியும். அந்த அரிசி எங்கிருந்து வந்தது, யார் பட்டினி கிடந்தார்கள் என்று யோசிக்க அந்த ஒரு வரி போதும்.

'தி விண்ட் ரைசஸ்' (2013) என்னைத் தொந்தரவு செய்த மாதிரி வேறெதுவும் செய்ததில்லை. ஸீரோ போர்விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியின் கதை. மீன் முள்ளின் வளைவில் இறக்கையின் வளைவைப் பார்க்கிறான். தட்டையான ரிவெட் பற்றி ஒரு கூட்டமே கண் மின்னப் பேசுகிறது. எடையைக் குறைக்க ஒரு வழி, துப்பாக்கிகளை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறான்; எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் தினமும் இருக்கும் கூட்டங்கள் அப்படித்தான் இருக்கும். எடை, செலவு, தேதி. பொருள் கடைசியில் எங்கே போகும் என்பது நிகழ்ச்சி நிரலில் வராது. மியாஸாக்கியின் குடும்பத் தொழிற்சாலை ஸீரோவுக்குச் சுக்கான் செய்து கொடுத்தது. அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே அவ்வளவு அழகாக வரைந்தார். 1982இல் 'கிழக்கு நோக்கும் கொள்கை' வந்தது. 1985இல் முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில். ஸீரோவைச் செய்த அதே மிட்சுபிஷி. தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறிய எங்கள் தாத்தாக்கள் கடன் வாங்கி அந்தக் காரை வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினார்கள். யாருக்கும் அதில் முரண் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பஸ்ஸிலா போவார்கள்?

ஜப்பானியர்கள் நேராகச் சொல்லாததைக் கற்பனை நாடுகளில் சொல்லிவிடுகிறார்கள் என்பது என் கட்சி. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' பாருங்கள். இஷ்வால் மக்களை அழித்த படையில் நமக்குப் பிடித்த பாத்திரங்களே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது மறப்பதில்லை. நாட்டைச் சுற்றிச் சுரங்கம் தோண்டி, மனித உயிர்களை எரிபொருளாக்கும் அரசைப் பார்க்கும்போது எனக்கு 415 கிலோமீட்டர் ஞாபகம் வரும். ஹிரோமு அரக்காவா ஹொக்கைடோக்காரர். ஐனு மக்களிடமிருந்து பறித்த தீவு அது. 'அட்டாக் ஆன் டைட்டன்' மூன்றாம் சீசன் வரை பிரமாதம். அதற்குப் பிறகு கதைக்குத் தன் நாயகன்மேல் இருந்த பாசம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

'வின்லாண்ட் சாகா' இரண்டாம் சீசன் (2023) சண்டை இல்லை, தூக்கம் வருகிறது என்று பாதியில் விட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் டென்மார்க் பண்ணை ஒன்றில் இரண்டு அடிமைகள் காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, கோதுமை விதைக்கிறார்கள். விளைச்சலை விற்றுத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை வாங்க வேண்டும். முன்பணக் கடனோடு கப்பலேறி வந்து பேராக்கில் காடழித்தவர்களின் பிள்ளைகளுக்கு இதில் எங்கே தூக்கம் வரும்? பண்ணை முதலாளி கெத்தில் நல்லவர், சிரித்த முகம். அடிமைகளோடு மரியாதையாகப் பேசுவார். பிறகு ஒருநாள் ஆர்ன்ஹெய்த் என்ற பெண்ணைத் தடியால் அடித்தே சாகும் நிலைக்குக் கொண்டுவருகிறார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "அந்தத் துரை ரொம்ப நல்லவரு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இப்போது கெத்திலின் முகம்தான் வருகிறது.

நம் பக்கத்தில் எழுத்து இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் இந்த இதழைப் படிப்பவர்கள் படித்திருப்பீர்கள். உலகம் பார்த்த சித்திரம் வேறு. 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' பிரிட்டிஷ் கைதிகளின் படம், எடுத்தது இலங்கையில். ரயில்பாதையின் புகழ்பெற்ற கோட்டோவியங்களும் ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்ற போர்க்கைதிகள் ஒளித்துவைத்து வரைந்தவை.

வரையத் தெரிந்த நண்பன் ஒருவனோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஈப்போ ரயில் நிலையம் 1917இல் கட்டியது, அப்படியே இருக்கிறது, பார்த்து வரையலாம். சுங்கை சிப்புட், கோல கங்சார், தைப்பிங், பாடாங் பெசார் என்று தண்டவாளம் இன்றும் அதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது. இப்போது குளுகுளு இடிஎஸ் ஓடுகிறது. லயம்தான் கஷ்டம். எங்கள் தோட்டம் முழுக்கச் செம்பனையாகிவிட்டது, வீடுகளை இடித்துவிட்டார்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, கிணறு எவ்வளவு தூரம் என்று பாட்டியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன். ரயிலுக்குள் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.