எதிரி செய்த பதக்கம், ஒரு ஷில்லிங் நன்கொடை

முதல் உலகப்போர்ப் பொருட்களைச் சேர்க்கிறவங்க லூசிடானியா பதக்கத்தைக் கட்டாயம் பார்த்திருப்பாங்க. பெரிய நாணயம் மாதிரி இருக்கும், ஆனால் கடையில் செல்லாது. ஜெர்மன்காரன் செய்ததுன்னு பேர். உண்மையில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நன்கொடை திரட்ட இங்கிலாந்தில் செய்த நகல்கள்!

1915 மே 7 அன்று, அயர்லாந்தின் தென்கரை அருகே, ஜெர்மன் நீர்மூழ்கி யு-20 லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை மூழ்கடித்தது. 18 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டில் மியூனிக் சிற்பி கார்ல் கோட்ஸ் கிண்டலாக ஒரு பதக்கம் செய்தார். ஒரு பக்கம், கப்பல் கம்பெனியின் டிக்கெட் கவுன்ட்டரில் எலும்புக்கூடு டிக்கெட் விற்கிறது. மேலே ‘எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்’ என்று ஜெர்மனில் எழுத்து. மறுபக்கம், பீரங்கியும் விமானமும் ஏற்றிய கப்பல் மூழ்குகிறது. போர்த்தளவாடம் ஏற்றிய கப்பலில் பயணிகளையும் ஏற்றினார்களே என்பது அவர் கோபம். கப்பலில் பீரங்கியோ விமானமோ இல்லை. துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தது நிஜம்.

ஆனால் தேதியை மே 5 என்று போட்டுவிட்டார். பிரிட்டன் விடுமா? “பாருங்க, இரண்டு நாள் முன்னாடியே திட்டம் போட்டிருக்காங்க!” என்று பிரசாரம் செய்தது. கடற்படை உளவுத்துறையின் யோசனைப்படி, லண்டன் கடை அதிபர் கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் மூலம் நகல்கள் தயாராயின. பெட்டி, உள்ளே ஒரு துண்டுப் பிரசுரம், விலை ஒரு ஷில்லிங். கோட்ஸ் செய்தது 500-க்கும் குறைவு. நகல்களோ சுமார் 2,50,000.

வசூல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், போரில் பார்வை இழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்துக்கும் போனது. அந்த இல்லத்தைத் தொடங்கிய ஆர்தர் பியர்சனே பார்வை இழந்தவர். அங்கே வீரர்கள் பிரெய்ல், தட்டச்சு, கோழி வளர்ப்பு எல்லாம் கற்றார்கள்.

1917-ல் பவேரிய அரசு கோட்ஸின் பதக்கங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அதற்குள் நகல்கள் பரவிவிட்டன. அடையாளம் காண்பது சுலபம்: ஜெர்மன் அசலில் மாதம் ‘மாய்’ (எம்-ஏ-ஐ), நகலில் ‘மே’ (எம்-ஏ-ஒய்). தேதியைப் பிற்பாடு 7 என்று கோட்ஸே திருத்தினார்.

சேகரிப்பவர்கள் அசலுக்குத்தான் அதிக விலை தருவாங்க. எனக்கு நகல்தான் முக்கியமாப் படுது. “எதிரி நம்ம சாவைக் கொண்டாடுறான்” என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பதக்கத்தை 500 மடங்கு பெருக்கியது பிரிட்டன்தான். அந்த ஷில்லிங்கில் கண் தெரியாத ஒருவர் பிழைக்கத் தொழில் கற்றார். அதே ஷில்லிங் இன்னும் பல பேரைப் போர்க்களத்துக்கு அனுப்பும் வெறுப்பையும் வளர்த்தது.