இருபத்தெட்டு எழுத்துக்கள்: அறபும் கொரியமும் – ஒரு வரலாற்று நோக்கு

அறபு நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 28. கி.பி. 1446 ஆம் ஆண்டில் கொரிய மன்னர் செஜோங் தம் குடிகளுக்கென வெளியிட்ட நெடுங்கணக்கிலும் எழுத்துக்கள் 28. இவ்வெண்ணொற்றுமை முற்றிலும் தற்செயலானது. இதனைக் கொண்டு உறவு நிறுவ முற்படுதல் வீண். அறபு செமித்தியக் குடும்பத்தைச் சார்ந்தது. கொரியமோ வேறெந்த மொழிக்குடும்பத்தோடும் உறவு ஐயமற நிறுவப்படாதது. ஆயினும் உறவற்ற மொழிகளை ஒப்புநோக்குவதிலும் பயனுண்டு. உறவுடையவற்றை ஒப்பிடுமிடத்து மூலமொழி புலப்படும். உறவற்றவற்றை ஒப்பிடுமிடத்து, ஒரு மொழிக்கும் அதன் எழுத்துக்கும் அதனைப் பேசும் மக்களுக்கும் இடையே வரலாறு ஏற்படுத்தும் பிணைப்புப் புலப்படும். இக்கட்டுரை பின்னையதையே நோக்காகக் கொண்டது.

அறபுச் சொல்லின் பொருள் மெய்களிற் பொதிந்துள்ளது. பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலாகிய வேரினின்று பிறப்பன. க், த், ப் என்னும் மூன்றும் எழுதுதல் என்ற பொருளைத் தாங்கி நிற்க, இடைவரும் உயிர்களும் முன்னொட்டும் மாறுதலாற் கதப (எழுதினான்), காதிப் (எழுதுபவன்), கிதாப் (நூல்), மக்தப் (எழுதுமிடம்) என்னும் சொற்கள் தோன்றுகின்றன. இத்தகைய மொழிக்கு மெய்களை மாத்திரம் எழுதும் முறை பெருங்குறையன்று. மொழியறிந்தவன் உயிர்களைத் தானே இட்டு வாசித்துக் கொள்வான். நபதேய மக்கள் கையாண்ட அரமேய எழுத்தினின்று அறபெழுத்து வளர்ந்ததென்பது அறிஞர் பலர் கருத்து. சிரியாவிலுள்ள நமாறா என்னுமிடத்திற் கிடைத்த கி.பி. 328 ஆம் ஆண்டுக் கல்வெட்டு நபதேய எழுத்தில் அறபு மொழியைத் தருகின்றது.

கொரியத்தின் அமைப்போ முற்றிலும் வேறு. அடிச்சொல் மாறாது நிற்க, இலக்கணப் பொருளை இறுதியில் வரும் ஒட்டுக்கள் உணர்த்துகின்றன. ஜிப் என்பது வீடு. ஜிப்எ என்பது வீட்டுக்கு. ஜிப்எசொ என்பது வீட்டிலிருந்து. எழுவாய் முன்னும் பயனிலை இறுதியிலும் வருதல் கொரியத்தின் இயல்பு. தமிழ் மாணவர்க்கு இது பழகிய வீட்டினுள் நுழைவது போன்ற உணர்வைத் தரும். அமெரிக்கரான ஹோமர் ஹல்பேட் 1905 இற் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்றே எழுதினார். அமைப்பொற்றுமையை இனவொற்றுமையாகக் கொண்ட அக்கருத்தை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை.

இத்தகைய மொழியைக் கொரியர் பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்தைக் கொண்டே எழுத வேண்டியவராயினர். வேற்றுமையுருபோ வினைவிகுதியோ அற்ற மொழிக்கென எழுந்த எழுத்து, விகுதிகளாலேயே வாழும் மொழிக்குப் பொருந்துமாறு எங்ஙனம்? சீன எழுத்துக்கள் சிலவற்றை ஒலிக்காகவும் சிலவற்றைப் பொருளுக்காகவும் கையாண்ட 'இதூ' முதலிய முறைகள் எழுந்தன. அவை எழுத்தருக்குப் பயன்பட்டன, உழவனுக்கு எட்டவில்லை. கற்றோர் தம் மொழியை எழுதுவதை விடுத்துச் சீனச் செம்மொழியையே எழுதினர்.

இந்நிலையிலேதான் செஜோங் மன்னரின் ஆக்கம் தோன்றியது. 1443 ஆம் ஆண்டின் சந்திரமாதக் கணக்கிலான இறுதித் திங்களில் எழுத்துக்கள் நிறைவுற்றன. 1446 இல் அவை வெளியிடப்பட்டன. 'ஹுன்மின்ஜொங்உம்' என்பது அவற்றிற்கிட்ட பெயர். மக்களுக்குக் கற்பித்தற்குரிய செவ்விய ஒலிகள் என்பது அதன் பொருள். நாவடி தொண்டையை அடைக்கும் நிலையைக் காட்டுவது ககரம். நாநுனி மேலெழுந்து பொருந்தும் நிலை நகரம். வாயின் வடிவம் மகரம். பல்லின் வடிவம் சகரம். வன்மை மிகுமிடத்து ஒரு கோடு கூட்டப்படும். உயிர்களுக்கு வானைக் குறிக்கும் புள்ளி, மண்ணைக் குறிக்கும் கிடைக்கோடு, மனிதனைக் குறிக்கும் நிலைக்கோடு ஆகிய மூன்றுமே மூலம். இவை பிற்காலத்தாரின் கற்பனையல்ல என்பது, 1446 ஆம் ஆண்டிலேயே எழுந்த விளக்கநூலின் பிரதியொன்று 1940 இற் கண்டெடுக்கப்பட்டபோது உறுதியாயிற்று.

உறுப்புக்களின் முயற்சியைக் கொண்டு ஒலிகளை வகுக்கும் இம்முறை செஜோங்கிற்கு முன்பே அறபுலகிலும் சிறந்திருந்தது. எட்டாம் நூற்றாண்டிற் பஸராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத் தம் அகராதியை வழக்கமான எழுத்து வரிசையில் அமைக்கவில்லை. தொண்டையின் ஆழத்தே பிறக்கும் 'ஐன்' என்னும் ஒலியிற் றொடங்கி இதழ்நோக்கி வரும் வரிசையில் அமைத்தார். அதனாலேயே அந்நூல் 'கிதாபுல் ஐன்' எனப் பெயர் பெற்றது. தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்ற நமக்கு இந்நெறி புதிதன்று. செஜோங் கையாண்ட சீன ஒலியியல் மரபும் பௌத்தத்தின் வழியே இந்திய ஒலியியலுக்குக் கடன்பட்டது. ஆயின் ஒரு வேறுபாடு மிக முதன்மையானது. அறபறிஞர் ஒலியறிவைக் கொண்டு, முன்னரே நிலைபெற்ற எழுத்தைக் காத்தனர். ப, த, ந முதலியன சொல்லிடையில் ஒரே வடிவாய் நின்ற குறையைப் புள்ளிகளாற் போக்கினர். திருக்குர்ஆன் வழுவின்றி ஓதப்படும் பொருட்டு உயிர்க்குறிகள் வகுக்கப்பட்டன. அபுல் அஸ்வத் அத்துஅலீ இப்பணியைத் தொடக்கினார் என்பது மரபு. செஜோங்கோ அவ்வறிவைக் கொண்டு புதிய எழுத்தையே படைத்தார். காத்தற்கு அங்கு ஒரு திருநூல் இருந்தது. இங்கு எழுதப்படாத பேச்சு இருந்தது.

புதிய எழுத்தைக் கற்றோர் வரவேற்கவில்லை. அரச அறிஞர் மன்றத்தைச் சேர்ந்த சொய் மல்லி 1444 இல் மன்னருக்கு விண்ணப்பமொன்று சமர்ப்பித்தார். தமக்கெனத் தனியெழுத்து வைத்திருப்போர் மொங்கோலியர், யப்பானியர், திபெத்தியர் போன்ற நாகரிகமற்றோரே. சீனத்தைப் பின்பற்றும் நாடு அவர் வரிசையிற் சேரலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மன்னர் விண்ணப்பகாரரின் ஒலியியலறிவையே வினவி மறுத்ததோடு, அவர்களை ஒருநாட் சிறையிலும் வைத்தார். ஆயினும் நெடுங்காலம் வென்றது சொய் மல்லியின் கட்சியே எனல் வேண்டும். 1504 இல் அரசனைப் பழித்து இவ்வெழுத்திற் சுவரொட்டிகள் தோன்ற, யொன்சன் என்னும் அரசன் அதன் பயிற்சியைத் தடைசெய்தான். 'ஒன்முன்', அதாவது கொச்சையெழுத்து என்ற பெயரோடு, பெண்டிரின் கடிதங்களிலும் கதைகளிலும் பாடல்களிலும் அது வாழ்ந்தது. அரச ஆவணங்களில் அதற்கு உரிய இடம் 1894 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே கிட்டியது. எண்ணுமிடத்து 448 ஆண்டுகள்!

அறபெழுத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. உயிர்களை முற்றாக எழுதாத அவ்வெழுத்து, உயிர்கள் மிகுந்த பாரசீகத்திற்கும் துருக்கியத்திற்கும் மலாய்க்கும் சுவாஹிலிக்கும் சென்றது. பாரசீகர் நான்கு எழுத்துக்களைக் கூட்டிக்கொண்டனர். இலங்கையிலும் தமிழகக் கரையோரத்திலும் வாழ்ந்த முஸ்லிம்கள் மேலதிகக் குறிகளை அமைத்து அறபுத்தமிழை எழுதினர். எழுத்தின் தகுதியை மாத்திரம் அளவுகோலாகக் கொள்வோர்க்கு இது புதிராகவே தோன்றும். கொரிய எழுத்தை உலகின் மிகச் சிறந்த எழுத்தென்று புகழ்வோர் பலர். அது தன் நாட்டிலேயே நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் வாயிலிற் காத்து நின்றதை அவர் நினைப்பதில்லை. எழுத்தைச் சுமந்து சென்றது அதன் வடிவமன்று. சமயமும் அரசும் வாணிகமுமே.

இருமொழியிலும் எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் பிரிந்து நின்றமையையும் இவ்விடத்தே நோக்குதல் தகும். கெய்ரோவிலோ பக்தாதிலோ வாழ்பவர் வீட்டிற் பேசும் அறபு வேறு; நூலில் எழுதும் அறபு வேறு. தமிழரும் அறிந்த நிலையே இது. ஆயின் அங்கே உயர்வழக்காக நிற்பது அம்மக்களின் சொந்த மொழியின் பழைய வடிவம். கொரியத்தில் அந்த ஆசனத்தில் வீற்றிருந்தது அயல்மொழி. ஆகவே கொரியருக்கு எழுத்துச் சீர்திருத்தம் விடுதலையாகத் தோன்றியது. அறபியருக்கோ அது தம் முன்னோரிடமிருந்து துண்டிக்கப்படுதலாகத் தோன்றியது.

இவ்வேறுபாட்டை 1940 ஆம் ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. துருக்கி 1928 இல் இலத்தீன் எழுத்துக்கு மாறியதை அறபுலகம் கண்டிருந்தது. 1943 இற் கெய்ரோவின் அறபுமொழிக் கழகத்தில் நீதியரசர் அப்துல் அஸீஸ் பஹ்மி, அறபையும் இலத்தீன் எழுத்தில் எழுதலாமென்ற திட்டத்தை முன்வைத்தார். வாசித்த பின் விளங்குதல் ஏனைய மொழிகளின் இயல்பாயிருக்க, அறபை விளங்கிய பின்னரே வாசிக்க வேண்டியுள்ளது என்ற குறைபாட்டைச் சீர்திருத்தவாதிகள் சுட்டினர். குறைபாடு மெய்யானதே. ஆயினும் திட்டம் கடும் கண்டனத்துக்குள்ளாகிக் கைவிடப்பட்டது. பதின்மூன்று நூற்றாண்டு நூற்செல்வத்தைப் பேரர் வாசிக்கவியலாது போகுமென்ற அச்சத்தை வெறும் பழமைப்பற்றென ஒதுக்குதல் நேர்மையன்று.

அதே காலத்தில் யப்பானிய ஆட்சிக்குட்பட்ட கொரியாவில் வினா எழுத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. மொழியே நீடிக்குமா என்பதாக இருந்தது. 1938 இற் பாடசாலைகளிற் கொரியம் கட்டாய பாடமென்ற நிலையை இழந்தது. 1940 இல் முதன்மையான கொரியமொழி நாளிதழ்கள் இரண்டும் மூடப்பட்டன. 1942 இல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தாரைப் பொலிசார் கைதுசெய்யத் தொடங்கினர். சொற்களைத் திரட்டுதல் அரசுக்கெதிரான குற்றமாகக் கருதப்பட்டது. யீ யுன்ஜே, ஹன் ஜிங் ஆகிய இருவர் சிறையிலேயே உயிர்நீத்தனர். அகராதியின் கையெழுத்துப்படி வழக்குச் சான்றாகப் பறிமுதல் செய்யப்பட்டு எங்கோ மறைந்தது.

1945 ஆகஸ்டில் யப்பான் சரணடைந்தது. செப்டெம்பரில், சியோல் புகையிரத நிலையப் பண்டகசாலையொன்றில் அக்கையெழுத்துப்படி கட்டுக்களாகக் கிடக்கக் காணப்பட்டது. மேன்முறையீட்டு வழக்கிற்கெனச் சியோலுக்கு அனுப்பப்பட்டு, கேட்பாரற்றுக் கிடந்த பொதி அது. அதன் முதற்றொகுதி 1947 இலும், இறுதித் தொகுதி, நாடு இரண்டாகி ஒரு போரும் நடந்து முடிந்த பின், 1957 இலும் அச்சேறின. செஜோங்கின் 28 எழுத்துக்களில் நான்கு வழக்கிழந்து, எஞ்சிய 24 இனைக் கொண்டே அவ்வகராதி அச்சிடப்பட்டது.