வெறியாட்டும் தெளிவும்

தெய்வம் ஏறித் தன்னை மறந்து ஆடும் நிலையைப் பண்டைத் தமிழர் ‘வெறி’ என்றனர். வேலனது வெறியாட்டைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ‘காந்தள்’ எனக் குறிக்கின்றது.

சங்க அகப்பாடல்களில் இது நோய் தீர்க்கும் சடங்காகும். காதலால் மெலிந்த மகளை முருகன் அணங்கினான் என மயங்கும் தாய் வேலனை அழைப்பாள். அவன் களம் இழைத்து, ஆட்டைப் பலியிட்டு, வேலேந்தி ஆடுவான். ஆனால், நோயின் காரணத்தைத் தலைவியும் தோழியும் அறிவர். அகநானூற்றின் 22ஆம் பாடலைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியயர்ந்த இரவிலேயே காதலன் வந்து நோய் தணிய, அதற்குத் தொடர்பில்லாத வேலனை எண்ணித் தலைவி நகைக்கின்றாள். நற்றிணையின் 34ஆம் பாடலிலோ, தோழி முருகனையே அறியாதவன் என்று கடிகின்றாள்.

இவ்வையம் இறைமறுப்பன்று, ஆவேசத்தில் உரைக்கப்படுவதெல்லாம் உண்மையாகாது என்னும் தெளிவே. பிற்காலத்தில் நம்மாழ்வார் திருவாய்மொழியின் நான்காம் பத்தில் இத்துறையைப் பக்திக்கு ஆக்கினார். அங்கே தலைவியின் நோய் திருமால்மேற் கொண்ட காதல். கள்ளும் இறைச்சியும் தூவும் வெறியாட்டு வேண்டா, அவன் திருநாமமே மருந்து என்கின்றாள் தோழி.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் 1973இல் குடமுழுக்குக் கண்ட மலைமந்திரில், காவடி சுமந்து தம்மை மறந்து ஆடுவோரைக் காணும் நம் பிள்ளைகள், “இது மெய்தானா?” என வினவலாம். அவர்களை அதட்டி அடக்க வேண்டுவதில்லை. வேலனின் ஆட்டத்தைக் கண்ணிமையாது நோக்கிய புலவர்களே அவன் சொல்லையும் வினவினர். வியப்பும் வினாவும் ஒருங்கே வாழ்ந்த மரபு நமது.