பாரம் எழும் முன் ரிக்கர் பார்க்க வேண்டியவை

இரண்டு டன் எடையுள்ள இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றைப் பாரந்தூக்கி தூக்கப்போகிறது. கட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்லிங். ஒவ்வொன்றும் இரண்டு டன் தாங்கும் என்று அதன் சீட்டில் எழுதியிருக்கிறது. நான்கு டன் தாங்கும் ஏற்பாட்டில் இரண்டு டன்தானே தொங்கப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

ஆனால், இரு ஸ்லிங்குகளும் கொக்கியிலிருந்து எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்பதைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ரிக்கர், சிக்னல்மேன் வேலை பார்க்கும் தமிழ் ஊழியர்கள் சிங்கப்பூரில் பலர். பயிற்சி வகுப்பில் படித்த இந்தக் கணக்கு, வேலை அவசரத்தில் முதலில் மறந்துபோகும் ஒன்று.

கோணம் விரிய பளு கூடும்

இரண்டு ஸ்லிங்குகளும் செங்குத்தாகத் தொங்கினால் ஒவ்வொன்றும் ஒரு டன் சுமக்கும். அவற்றுக்கு இடையிலான கோணம் 60 பாகையாக விரிந்தால் ஒவ்வொன்றின்மீதும் ஏறத்தாழ 1.15 டன் இழுவிசை விழும். 90 பாகையில் அது 1.41 டன். 120 பாகையில் சரியாக 2 டன். தூக்கப்படும் கட்டின் எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஸ்லிங்கும் முழுக் கட்டையும் தனியாகச் சுமப்பதற்குச் சமமான இழுவிசையில் நிற்கிறது. மிச்சமிருப்பதாக நினைத்த இரண்டு டன் கோணத்திலேயே கரைந்துவிட்டது.

அதற்கு மேலும் விரித்து 150 பாகைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் 3.86 டன். சீட்டில் எழுதியிருப்பதைவிட இது கிட்டத்தட்ட இரு மடங்கு.

குட்டையான ஸ்லிங்கை வைத்து அகலமான பாரத்தைத் தூக்கும்போதுதான் கோணம் இப்படி விரிகிறது. நீளமான ஸ்லிங் கிடங்கில் இருக்கும். எடுத்துவர பத்து நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்குக் கொடுக்கும் விலைதான் மேலே உள்ள எண்கள். உயரம் போதாத இடத்தில் நீளமான ஸ்லிங்கும் உதவாது. அங்கே ஸ்பிரெடர் எனப்படும் நீள்சட்டத்தை இடையில் மாட்டித் தூக்க வேண்டும்.

கோணம் விரியும்போது பாரத்தை இரு பக்கமிருந்தும் உள்நோக்கி நெருக்கும் விசையும் கூடுகிறது. பலகைப் பெட்டிகள் நசுங்குவதும் கம்பிக் கட்டு நடுவில் வளைந்து நழுவுவதும் இதனால்தான்.

நான்கு கால் ஸ்லிங்கில் வேறொரு தவறான கணிப்பு உண்டு. பாரம் நான்கு கால்களுக்கும் சமமாகப் பிரியும் என்று நினைக்கிறார்கள். விறைப்பான பாரமானால், கால்களின் நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் இரண்டு அல்லது மூன்று கால்களே சுமையைத் தாங்கும். மற்றது தளர்ந்து தொங்கும். அதனால் நான்கு கால் ஸ்லிங்கிற்கும் மூன்று காலுக்குரிய திறனையே கணக்கில் கொள்வது வழக்கம்.

கம்பிவடம் முன்கூட்டியே சொல்லும்

தளத்தில் எல்லாரும் வயர் ரோப் என்று அழைக்கும் கம்பிவடத்தை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களின் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். ஆண்டு 1834. அதற்குமுன் அங்கே பயன்பட்ட சங்கிலிகளில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போய்விடும்; முன்னறிகுறியும் இருக்காது. கம்பிகளைப் புரியாகவும் புரிகளை வடமாகவும் முறுக்கியபோது, ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கின. அறுந்த கம்பி கண்ணுக்கும் தெரிந்தது.

இன்று தளங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வகையில் ஆறு புரிகள், ஒவ்வொரு புரியிலும் 36 கம்பிகள், மொத்தம் 216. நடுவில் நார் அல்லது எஃகாலான மையவடம் இருக்கும். இத்தனை கம்பிகளில் ஒன்றிரண்டு அறுந்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. எத்தனை அறுந்தால் கழிக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. ஸ்லிங்குகளுக்கான அமெரிக்கத் தரநிலை பி30.9 சொல்வது இது: ஒரு புரி வடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் நீளத்திற்குள் அங்கங்கே பத்துக் கம்பிகள் அறுந்திருந்தால், அல்லது அதே நீளத்திற்குள் ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தால், ஸ்லிங்கைக் கழித்துவிட வேண்டும். 20 மில்லிமீட்டர் வடத்தில் அந்த நீளம் ஏறத்தாழ ஒரு சாண்கூட வராது.

எண்ணிக்கை மட்டும் போதாது. முனையில் வளையத்தைப் பிடித்திருக்கும் உலோகக் குழல் விரிசல் விட்டிருந்தாலோ, அதை ஒட்டிக் கம்பிகள் அறுந்திருந்தாலோ வடத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். ஒருமுறை முறுக்கி மடிந்த வடத்தை நிமிர்த்தினாலும் பழைய பலம் திரும்பாது. புரிகள் கிளிக்கூண்டு போல் உப்பியிருப்பது, மையவடம் வெளியே பிதுங்குவது, வெல்டிங் பொறி பட்டு நிறம் மாறியிருப்பது ஆகியவையும் கழிக்க வேண்டியதற்கான அடையாளங்களே.

துருவில் மேலே தெரிவதைவிட உள்ளே இருப்பது மோசமானது. வடத்தைச் சற்று வளைத்துப் பார்க்கும்போது புரிகளுக்கு இடையிலிருந்து செம்பொடி உதிர்ந்தால், மையவடம் அரிக்கப்படுகிறது என்று பொருள். கடலோரப் பட்டறைகளில் இதற்கு அதிக நாள் ஆகாது.

வெறுங்கையால் வடத்தைத் தடவிப் பார்க்கக்கூடாது. கையுறை அணிந்து, பழைய துணியை வடத்தின்மீது சுற்றி மெதுவாக இழுத்தால், அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் துணி சிக்கும்.

மஞ்சள் பெல்ட், மஞ்சள் டேப்

தளத்தில் பெல்ட் என்று அழைக்கப்படும் துணிப்பட்டை ஸ்லிங்கின் நிறமே அதன் திறனைச் சொல்லும். ஐரோப்பியத் தரநிலையின்படி ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நான்கு, சிவப்பு ஐந்து, பழுப்பு ஆறு, நீலம் எட்டு. ஆரஞ்சு பத்து டன்னும் அதற்கு மேலும்.

இதில் குழப்பம் ஒன்று வரும். பல நிறுவனங்கள் காலாண்டுச் சோதனை முடிந்த சாதனங்களில் அந்தக் காலாண்டுக்குரிய நிறத்தில் டேப் ஒட்டுகின்றன. அந்த நிறம் தளத்துக்குத் தளம் மாறும். மஞ்சள் பெல்ட் என்றால் மூன்று டன். மஞ்சள் டேப் என்றால் இந்தக் காலாண்டில் சோதிக்கப்பட்டது என்பது மட்டுமே. புதிய தளத்திற்கு மாறும் ஊழியர் முதல் நாளே அங்கே எந்த நிறம் நடப்பில் உள்ளது என்று கேட்டுவைப்பது நல்லது.

நிறம் மங்கியிருந்தால் சீட்டைப் பார்க்க வேண்டும். சீட்டே இல்லையென்றால், எத்தனை புதிதாகத் தெரிந்தாலும் அந்தப் பெல்ட்டைத் தொடக்கூடாது. சீட்டில் உள்ள திறன் நேராகத் தொங்கவிட்டால் மட்டுமே பொருந்தும். பாரத்தைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் அதில் 80 விழுக்காடுதான் கணக்கு. மூன்று டன் பெல்ட் 2.4 டன்னாகிறது.

கூர்மையான விளிம்பு பெல்ட்டுக்குக் கத்தி மாதிரி. எச்-பீம், எஃகுத் தகடு, கான்கிரீட் பலகை எதுவானாலும் முனையில் ரப்பரோ மரக்கட்டையோ காப்புறையோ வைத்த பிறகுதான் பெல்ட்டைப் போட வேண்டும். கம்பிவடம் இரும்புதானே, அதற்கு என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: தன் விட்டத்தின் அளவே உள்ள வளைவில் மடியும் வடம் ஏறத்தாழ பாதி பலத்தை இழக்கிறது.

வெயிலும் பெல்ட்டைத் தின்னும். மாதக்கணக்கில் வெளியில் கிடந்த பெல்ட் வெளிறி விறைத்துப்போகும். ரசாயனத்தைப் பொறுத்தவரை நைலான் அமிலத்தையும், பாலியஸ்டர் காரத்தையும் தாங்காது.

ஷேக்கிளில் அதிகம் நடப்பது ஆணியை மாற்றுவது. தொலைந்த ஆணிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். ஆணியும் ஷேக்கிளும் சேர்ந்துதான் ஒரு சாதனம்; சாதாரண போல்ட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. பக்கவாட்டில் இழுத்தாலும் ஷேக்கிளின் திறன் குறையும். 90 பாகையில் இழுத்தால் பாதிதான் மிஞ்சும், அதுவும் தயாரிப்பாளர் அப்படிப் பயன்படுத்த அனுமதித்திருந்தால்.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது

சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. அதன் விதிமுறைகளின்படி ஸ்லிங், ஷேக்கிள், கொக்கி, சங்கிலி போன்ற சாதனங்களை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். ஆட்களைத் தூக்கப் பயன்படுபவை என்றால் 6 மாதங்களுக்கு ஒருமுறை.

பாரந்தூக்கிகளின் இயக்கத்திற்கென 2011ல் தனி விதிமுறைகள் வந்தன. பாரந்தூக்கும் வேலைக்கு எழுத்துபூர்வத் திட்டம் வேண்டும். லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் ஆகியோர் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். பாரத்தின் எடையை உறுதிசெய்வதும், ஸ்லிங்கைச் சோதிப்பதும், பழுது இருந்தால் சூப்பர்வைசரிடம் தெரிவிப்பதும் ரிக்கரின் கடமைகள்.

பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார். ரிக்கர் ஒரு நாளில் பலமுறை பார்க்கிறார். சென்ற மாதம் சான்றிதழ் பெற்ற வடம் நேற்று மாலை ஒரு தகட்டின் விளிம்பில் நசுங்கியிருக்கலாம். அதைக் காணக்கூடியவர் கொக்கிக்குக் கீழே நிற்கும் ஊழியர்தான். தளத்தில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குவோரில் ஒருவராகவும் அவர் இருக்கக்கூடும். வாடகைக்கு எடுத்த பாரந்தூக்கிக்கு மணிக்கணக்கில் காசு போய்க்கொண்டிருக்கும்போது, இந்த ஸ்லிங் வேண்டாம் என்று அவர் சொல்வது எளிதன்று. அவர் சொன்னதை மேற்பார்வையாளர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் அந்தத் தளத்தின் பாதுகாப்புத் தரம் தெரியும்.

பாரம் தரையை விட்டு எழுந்ததும்

எல்லாம் சரியாக இருந்தாலும் பாரத்தை ஒரே மூச்சில் மேலே கொண்டுபோகக்கூடாது. தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எடைமையம் கொக்கிக்கு நேர்கீழே இல்லை என்று பொருள். இறக்கி, கட்டை மாற்றிப் போட வேண்டும். சாய்ந்த பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றி நிறுத்திச் சமன்செய்ய ஒருபோதும் முயலக்கூடாது.

ஸ்லிங் இறுகும் நேரத்தில் விரல்கள் அதற்கும் பாரத்திற்கும் நடுவே இருக்கக்கூடாது. ஸ்லிங் நழுவுகிறதே என்று கையால் பிடித்துக்கொண்டிருக்கும்போது கொக்கி ஏறத் தொடங்குவதால் நசுங்கும் விரல்கள் ஏராளம். தொங்கும் பாரத்தைத் திருப்ப வழிக்கயிறு இருக்கிறது. அதைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும்.

பாரந்தூக்கி இயக்குநர் ஒரே சிக்னல்மேனின் சைகையைத்தான் பின்பற்ற வேண்டும். நிறுத்து என்ற சைகைக்கு மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும், எந்த மொழியில் கத்தினாலும் இயக்குநர் நிறுத்த வேண்டும்.

பாரத்தை இறக்கிய பிறகு, அடியில் சிக்கிய ஸ்லிங்கைப் பாரந்தூக்கியாலேயே இழுத்தெடுப்பது பல தளங்களில் பழக்கமாகிவிட்டது. சிக்கிய ஸ்லிங் பாரத்தையும் சேர்த்துக் கவிழ்க்கலாம். விடுபட்டால் சவுக்குபோல் வீசும். இறக்கும் முன்பே கீழே மரக்கட்டைகளை வைத்தால் ஸ்லிங்கைக் கையால் உருவிவிடலாம்.

கழித்த ஸ்லிங்கைக் குப்பைக் குவியலில் முழுதாகப் போடக்கூடாது. அவசரத்தில் யாராவது அதை மறுபடி எடுத்துவிடுவார்கள். பெல்ட்டை இரண்டாக வெட்டி, கம்பிவடத்தின் வளையத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

பழுதான சாதனத்தைப் பயன்படுத்தும்படி வற்புறுத்தப்படும் ஊழியர் முதலில் லிஃப்டிங் சூப்பர்வைசரிடமும், பிறகு தளத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லலாம். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம். அமைச்சின் சோதனைக்கோ விசாரணைக்கோ உதவினார் என்பதற்காக ஊழியரை வேலையைவிட்டு நீக்குவதையும், நீக்கிவிடுவதாக மிரட்டுவதையும் சட்டம் தடைசெய்கிறது. மரணமோ கடுங்காயமோ விளைவிக்கக்கூடிய விதிமீறல்களுக்கு, துணைச் சட்டங்களின்கீழ் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டுள்ளது.