துணையறிந்து ஆடிய குணவான்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய எனக்கு, வகுப்பறையைப் போலவே மாலை நேர விளையாட்டுத் திடலும் பல பாடங்களைக் கற்பித்தது. எங்கள் திடலில் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டம் நடக்கும் போதெல்லாம் ஒரு பூசல் தவறாமல் எழும். இருவருக்கும் நடுவே வரும் பந்தை இருவருமே விட்டுவிடுவர். 'அது உன் பந்து' என்பான் ஒருவன். 'இல்லை, உன் பந்து' என்பான் மற்றவன். ஒருநாள் அவ்வாறு சண்டையிட்ட இரு மாணவர்களைப் பிரித்து, வேறு துணைவர்களோடு ஆட விட்டேன். நான் செய்தது சரிதானா என்னும் ஐயம் நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் ஒரு வீரரின் வரலாற்றைப் படித்தபோதுதான், அவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இன்னதென்று விளங்கிற்று. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் டோனி குணவான். 1975ஆம் ஆண்டு ஜாவாத் தீவின் துறைமுக நகரமாகிய சுரபாயாவிலே பிறந்தவர். குணவான் என்னும் பெயர் நம் செவிக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை அன்றோ? வடமொழிப் பெயர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து ஜாவாவில் குடிபுகுந்துவிட்டன.

இந்தோனேசியாவில் இறகுப்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 1945இல் விடுதலையை அறிவித்த அந்நாடு, 1958இல் சிங்கப்பூரில் மலாயாவை 6-3 என வென்று தாமஸ் கோப்பையைப் பெற்றது. புதிய நாடொன்று உலகின் முன் தலைநிமிர்ந்து நின்ற நாள் அது. 1992இல் பார்சிலோனாவில், ஒலிம்பிக்கில் இறகுப்பந்துக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டபோது, சுசி சுசாந்தியும் ஆலன் புடிகுசுமாவும் அந்நாட்டுக்கு முதல் தங்கங்களை ஈட்டித் தந்தனர். இத்தகைய நாட்டில் மட்டையேந்தும் இளைஞன் தோளில் எத்துணைப் பெரிய சுமை இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குணவான் தேர்ந்துகொண்டது இரட்டையர் ஆட்டம். அதன் இயல்பைச் சற்று விளக்குவேன். தாக்கும்போது ஒருவர் வலையருகே முன்னும், மற்றவர் பின்னும் நிற்பர். பின்னிற்பவர் ஓங்கி அடிப்பார். எதிரி தடுமாறித் திருப்பும் பந்தை முன்னிற்பவர் முடித்துவைப்பார். காக்கும்போதோ இருவரும் பக்கத்தில் பக்கமாக நிற்பர். இந்நிலை மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ வேண்டும். 'நீ முன்னே போ' என்று சொல்ல அங்கே நேரமில்லை. துணைவரின் மனத்தை முன்கூட்டியே அறிந்தவரே இதில் வெல்ல முடியும்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சந்திர விஜயா என்பவரோடு இணைந்து குணவான் இறுதியாட்டத்தை எட்டினார். அக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளிகள். பந்தைத் தொடங்கி வைக்கும் அணிக்கே புள்ளி சேரும். கொரியாவின் லீ டாங் சூ, யூ யாங் சுங் இணையை அவர்கள் 15-10, 9-15, 15-7 என வென்றனர். அவ்வாண்டு இந்தோனேசியா பெற்ற தங்கம் அது ஒன்றே. மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் உலகப் போட்டி நடந்தது. இம்முறை குணவானின் துணைவர் ஹலீம் ஹரியாந்தோ. துணைவர் மாறினார்; வெற்றி மாறவில்லை. குணவான் உலக வீரரானார்.

அதன்பின் அவர் அமெரிக்கா சென்று, அந்நாட்டின் சார்பில் ஆடலானார். அமெரிக்க மகளிர் 1957, 1960, 1963 ஆகிய ஆண்டுகளில் உபேர் கோப்பையை வென்றவர்களே. எனினும் 1977இல் தொடங்கிய உலகப் போட்டியில் அந்நாடு ஒரு தங்கமும் பெற்றதில்லை. அங்கே குணவானுக்கு வாய்த்த துணைவர் ஹோவர்ட் பாக். வியட்நாமில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர் அவர்.

2005ஆம் ஆண்டு உலகப் போட்டி கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் நடந்தது. குணவானும் பாக்கும் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டனர். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? சிட்னியில் தங்கம் வென்றபோது குணவானின் தோளோடு தோள் நின்ற அதே சந்திர விஜயா! அவருடைய துணைவர் சிகிட் புடியார்த்தோ. 1997இல் உலகப் பட்டத்தை வென்ற இணை அது. குணவான் எப்போது முன்னேறுவார், எப்போது பின்வாங்குவார் என்பதெல்லாம் விஜயாவுக்கு மனப்பாடம். விஜயாவின் உத்திகளும் குணவானுக்கு அவ்வாறே. முதல் ஆட்டம் 15-11 என அமெரிக்க அணிக்கு. இரண்டாவது 10-15 என இந்தோனேசியருக்கு. மூன்றாவது 15-11 என மீண்டும் அமெரிக்க அணிக்கு. உலக இறகுப்பந்துப் போட்டியில் அமெரிக்காவின் முதல் தங்கம், சுரபாயாவில் பிறந்த ஒருவராலும் வியட்நாமில் பிறந்த ஒருவராலும் பெறப்பட்டது.

தாய்நாடு கற்பித்த கலையை அத்தாய்நாட்டுக்கு எதிராகவே பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் அவர் செலுத்திய விலையையும் மறத்தலாகாது. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்காக ஆட அந்நாட்டின் குடியுரிமை வேண்டும். அது அவருக்குக் கிட்டியது 2011இல்தான். ஆதலால் 2004, 2008 ஆகிய இரு ஒலிம்பிக்குகளும் அவரில்லாமலே கடந்தன. ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் பாக் வேறு துணைவரோடு ஆடினார். 2012இல் லண்டனில் இருவரும் சேர்ந்து களமிறங்கியபோது குணவானுக்கு வயது 37. தொடக்கக் குழு ஆட்டங்களோடு அவர்கள் வெளியேறினர். இடைப்பட்ட காலத்தில் கலிபோர்னியாவில் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து வந்தார். கற்ற கலையைப் பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு வழங்குவதைத் துரோகம் என்று கூற, ஆசிரியனாகிய எனக்கு மனம் வரவில்லை.

விஜயா, ஹரியாந்தோ, பாக் என மூன்று துணைவர்கள். மூவரோடும் மாபெரும் வெற்றிகள். அவரவர் வலிமைக்கு இடம்விட்டு, அவரவர் குறையைத் தாம் நிரப்பியதே இதன் இரகசியம் என்று நான் கருதுகிறேன்.

அன்று சண்டையிட்ட என் மாணவர்களைப் பிரித்தது பிழையே என்று இன்று உணர்கிறேன். துணைவனை மாற்றியதால் அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. புதிய துணைவரோடும் அதே பூசல்தான் தொடர்ந்தது. 'நடுவே வரும் பந்து உன்னுடையதும் அன்று, அவனுடையதும் அன்று. அது உங்கள் இருவருடையது' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லத் தவறியதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நாளை மாலை மட்டையை எடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.