ஒரு நீல மனா, மூன்று சீட்டு

'மேஜிக்: த கேதரிங்' விளையாட்டின் 'ஐஸ் ஏஜ்' தொகுப்பு 1995 ஜூனில் வெளிவந்தது. பிரெய்ன்ஸ்டார்ம் என்ற மந்திரச் சீட்டு பிறந்தது அதில்தான். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அதிகம் தென்படும் 'காமன்' இனம். போடுவதற்கு ஒரே ஒரு நீல மனா, அதாவது நிலச் சீட்டுகள் தரும் மந்திரச் சக்தி, போதும். கட்டிலிருந்து மூன்று சீட்டு எடு, பிறகு கையிலிருந்து இரண்டைக் கட்டின் மேல் வை. விதி இவ்வளவுதான். படம் வரைந்தவர் கிறிஸ்டோபர் ரஷ். இந்த விளையாட்டின் மிக விலையுயர்ந்த சீட்டுகளில் ஒன்றான பிளாக் லோட்டஸையும் வரைந்தவர் அவரே.

பிரெய்ன்ஸ்டார்முக்கு ஓர் அண்ணன் உண்டு. 1993இல் வந்த ஆன்செஸ்ட்ரல் ரீகால், அதே ஒரு நீல மனாவுக்கு மூன்று சீட்டைக் கொடுத்துவிட்டு எதையும் திருப்பிக் கேட்காது. முறைக்கு ஒரு சீட்டுதான் கிடைக்கும் ஆட்டத்தில் அது அநியாய பலம். இன்று விண்டேஜ் என்ற ஆட்ட வகையில் கட்டுக்கு ஒன்றுதான் அனுமதி.

தம்பியின் கணக்கு வேறு. போட்டதில் ஒன்று போனது, மூன்று வந்தது, இரண்டு திரும்பியது. கையில் முன்பு இருந்த எண்ணிக்கையே மிஞ்சும். திருப்பி வைத்த இரண்டும் உதவாதவை என்றால் அடுத்த இரண்டு முறையும் அவற்றையே எடுக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை 'பிரெய்ன்ஸ்டார்ம் லாக்' என்பார்கள். மாட்டிக்கொண்டால் தோல்வி பெரும்பாலும் உறுதி.

திருப்பம் 2002இல், 'ஆன்ஸ்லாட்' தொகுப்போடு வந்தது. பொல்யூட்டட் டெல்ட்டா, ஃப்ளடட் ஸ்ட்ராண்ட் போன்ற ஐந்து நிலச் சீட்டுகள் அதில் இருந்தன. ஓர் உயிர்ப்புள்ளி கொடுத்து அந்த நிலத்தைப் பலியிட்டால், கட்டில் வேறொரு நிலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு கட்டைக் கலைக்கலாம். உதவாத இரண்டை மேலே வை, கட்டைக் கலை. கழிவு கட்டுக்குள் கரைந்துபோகும், புதிய சீட்டு மேலே வரும். பிரெய்ன்ஸ்டார்மின் விதி மாறவில்லை. ஏழு ஆண்டு கழித்து வந்த நிலங்கள் அதை அண்ணனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின. ஒரு சீட்டின் மதிப்பைச் சுற்றியிருக்கும் சீட்டுகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு பயனும் உண்டு. எதிராளியின் முறையிலும் இதைப் போடலாம். நம் கையைப் பார்த்து ஒரு சீட்டைப் பறிக்கும் மந்திரத்தை அவர் போட்டால், அது நிறைவேறும் முன் நம் சிறந்த இரண்டையும் கட்டின் மேல் ஒளித்துவிடலாம்.

அதன்பின் தடைகள் வந்தன. 2008 ஜூனில் விண்டேஜில் பிரெய்ன்ஸ்டார்மையும் கட்டுக்கு ஒன்று என்று சுருக்கினார்கள். 2010இல் வந்த 'ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்' என்ற சீட்டு ஒவ்வொரு முறையும் இதே வேலையைச் செலவில்லாமல் செய்தது. அடுத்த ஆண்டே ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட வகையில் அந்தச் சீட்டுக்குத் தடை. 2021இல் கணினியில் ஆடும் அரீனாவின் ஹிஸ்டாரிக் ஆட்டத்துக்குள் பிரெய்ன்ஸ்டார்ம் நுழைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியேற்றப்பட்டது.

லெகசி என்ற ஆட்ட வகையில் இன்றும் பிரெய்ன்ஸ்டார்மைக் கட்டுக்கு நான்கு வைக்கலாம். அங்கும் தடை செய்யச் சொல்லும் குரல்கள் நெடுநாளாக உண்டு. நீலக் கட்டுகளின் ஆதிக்கத்துக்கு இதுவும் காரணம் என்பது அவர்கள் வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் தடை வேண்டாம் என்பதே என் கட்சி. எப்போது போடுவது, எந்த இரண்டைத் திருப்பி வைப்பது என்ற முடிவில்தான் தேர்ந்தவரும் புதியவரும் பிரிகிறார்கள். அவசரப்படுகிறவருக்கு இந்தச் சீட்டு உதவாது, பொறுமையுள்ளவருக்கு அள்ளிக் கொடுக்கும். அப்படி ஒன்றை எடுத்துவிட்டால் லெகசி மெலிந்துபோகும்.

லெகசிக்குப் புதிதாக வருகிறவர்களே, கையில் கிடைத்ததும் முதல் முறையிலேயே இதைப் போட்டுவிடாதீர்கள். கட்டைக் கலைக்கும் நிலம் ஒன்று உங்களிடம் வரும்வரை பொறுங்கள்.