மோட்டார் எழுத்தாளர் சங்கமும் நடுவு நிலைமையும்

விற்பவன் தன் சரக்கைப் புகழ்வது இயல்பு. அச்சரக்கை நிறுத்துச் சொல்ல வேண்டியவனும் விற்பவனின் ஆளாகவே இருந்துவிட்டால் வாங்குபவன் யாரை நம்புவான்? மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதும் இதழாளர்களின் வரலாறு இவ்வொரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

மோட்டார் இதழ்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகிய ‘ஆட்டோகார்’ 1895ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்தது. வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்னும் விதி அப்போது நடைமுறையில் இருந்தது. 1896இல்தான் அது நீங்கிற்று. இதழின் ஆசிரியரான ஹென்றி ஸ்டர்மி, டெய்ம்லர் வண்டிக் கம்பெனியின் இயக்குநருமானார். 1897இல் பிரிட்டனின் வடகோடியிலிருந்து தென்மேற்குக் கோடிவரை டெய்ம்லர் வண்டியிலேயே பயணஞ் செய்தார். புதிய தொழிலுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆயினும், செய்து விற்பவரும் சீர்தூக்கி எழுதுபவரும் ஒருவராகவே இருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

1928இல் அதே இதழ், வண்டிகளை முறையாக ஓட்டிப் பார்த்துச் சோதனை முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. புகழ்ச்சியின் இடத்தில் அளவை வந்து அமர்ந்தது.

1944இல் பிரிட்டனில் மோட்டார் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. உலகப் போரின் காரணமாக, சொந்தப் பயணத்திற்கான பெட்ரோல் பங்கீடும் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. எழுதுவதற்குப் புதிய வண்டி இல்லாத வேளையில் எழுதுவோர் ஒன்று கூடினர் என்பது வியப்பே. இத்தகைய சங்கத்தின் தேவை யாது? சோதனைக்கு வண்டியை இரவல் தருவது கம்பெனி. இதழுக்கு விளம்பரம் தருவதும் கம்பெனி. குறையை எழுதும் தனி மனிதனுக்கு அடுத்த வண்டி கிடைக்காமற் போகலாம். தோழர்கள் பலர் உடன் நின்றால் அவன் பேனா அஞ்சாது.

சங்கமும் பதவியும் மட்டும் நேர்மையைத் தந்துவிடா. ஜெர்மனியின் பெரிய மோட்டார் கழகமாகிய ‘ஆடாக்’ நடத்திய விருப்ப வண்டித் தேர்வில், 3,409 வாக்குகள் 34,299 என்று காட்டப்பட்டமை 2014இல் வெளிப்பட்டது. பதவி விலகியவர் கழகத்தின் செய்தித் தொடர்புத் தலைவர். கழக இதழின் தலைமையாசிரியரும் அவரே. ஸ்டர்மி காலத்து இரட்டை நாற்காலி நூறாண்டு கடந்தும் மறையவில்லை!

இவ்வரலாறு நமக்கும் உரியது. பகாவ் தோட்டங்களில் நம்மவர் வெட்டிய மரத்துப் பால் டயராகி உலகச் சாலைகளில் உருண்டது. வண்டியோ துரைக்கே உரியதாயிருந்தது. 1985இல் புரோட்டான் சாகா வந்தபின் காலம் மாறிற்று. இன்று ஒருவர் ஒன்பதாண்டுத் தவணையில் வண்டி வாங்கும்போது, அவ்வளவு ஆண்டு உழைப்பும் யாரோ ஒருவர் எழுதிய மதிப்புரையை நம்பி நிற்கக்கூடும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். மதிப்புரையைப் படிக்கும் மாணவனுக்கு, “இந்த வண்டியை எழுதியவருக்குக் கொடுத்தவர் யார்?” என்று கேட்கக் கற்பிப்பதும் தமிழாசிரியர் பணியேயாகும்.